ஒருபக்கமாக உட்கார்தல்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு ஒரு கதை மிகவும் பிடிக்கும். அமெரிக்க மேற்கில் மாடு மேய்த்த கௌபாய் அங்கவடியை நீளமாகத் தொங்கவிட்டு, காலை நீட்டி, முதுகை நிமிர்த்திப் பகல் முழுக்கக் குதிரைமேல் இருந்தான். அந்த இருப்புதான் ஹார்லி டேவிட்சன் போன்ற வண்டிகளில் காலை முன்னால் நீட்டி, அகன்ற ஹேண்டில்பாரைப் பிடித்து உட்காரும் முறையாக வந்ததாம். பந்தயக் குதிரையோட்டும் ஜாக்கி அங்கவடியைக் குட்டையாகக் கட்டி, முழங்காலை மடக்கி, குதிரையின் பிடரியில் முகம் படுகிற மாதிரி குனிந்தான். அந்த இருப்பு பந்தய வண்டிகளுக்குப் போனதாம்.

கதையில் கொஞ்சம் உண்மை உண்டு. இன்னும் பின்னால் போனால் ஸ்பெயினில் இதே இரண்டு இருப்புகளுக்கும் பெயரே இருந்தது. கனத்த கவசம் அணிந்த வீரன் காலை நீட்டி உட்காருவது 'பிரிதா'. வட ஆப்பிரிக்க முஸ்லிம் குதிரைப்படையிடம் கற்ற, முழங்கால் மடங்கிய இலகுவான இருப்பு 'ஹினேதா'. ஸ்பானியர்களோடு அமெரிக்காவுக்குப் போன குதிரையும் சேணமும்தான் மெக்சிகோவின் மாட்டுக்காரர்கள் வழியாகக் கௌபாய்க்கு வந்து சேர்ந்தன. ஜாக்கியின் குனிவுக்கு டாட் ஸ்லோன் என்ற வெள்ளை அமெரிக்கரின் பெயரைச் சொல்வார்கள். 1897இல் அவர் இங்கிலாந்துக்கு வந்து அப்படிக் குனிந்து ஓட்டிப் புகழ் பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வில்லி சிம்ஸ் என்ற கறுப்பின ஜாக்கி குட்டை அங்கவடியோடு அங்கே வந்து ஓட்டியிருந்தார். குனிவுக்கு அவர் பெயர் வரவில்லை. வரலாறு யாரைச் சேணத்தில் ஏற்றுகிறது என்பதற்கு இதுவும் ஒரு கணக்கு.

தோற்றம் ஒத்திருப்பதாலேயே வம்சாவளி ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜாக்கி குனிவது குதிரையின் முதுகிலிருந்து தன் எடையைத் தூக்கிக்கொள்ள. பந்தய மோட்டார் சைக்கிள்காரர் குனிவது காற்றைக் கிழிக்க. இரண்டுக்கும் காரணம் வேறு. ஆனால் இந்தக் கதையோடு எனக்கிருக்கும் வழக்கு அது அல்ல. கௌபாய், ஜாக்கி என்று எண்ணி முடித்ததும் கதை முடிந்துவிடுகிறது. குதிரைமேலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்த மூன்றாவது இருப்பு ஒன்று உண்டு. நம் தெருவில் எந்த நேரம் நின்று பார்த்தாலும் கௌபாயோ ஜாக்கியோ தென்பட மாட்டார். அந்த மூன்றாமவர் ஐந்து நிமிடத்துக்குள் கண்ணில் படுவார். ஆணுக்குப் பின்னால், இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் பையையோ பிள்ளையையோ பிடித்துக்கொண்டு போகும் பெண்தான் அவர்.

அந்த இருக்கைக்கு ஆங்கிலத்தில் இன்றும் 'பில்லியன்' என்றுதான் பெயர். போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்புகளிலும் இந்தச் சொல் புழங்குகிறது. ஸ்காட்லாந்து கேலிக் மொழி வழியாக வந்தது. மூலம் தோல் என்று பொருள்படும் லத்தீன் சொல். சேணத்துக்குப் பின்னால், குதிரையின் பிட்டத்தின்மேல் கட்டும் சிறு திண்டு அது. ஆண் சேணத்தில் இருப்பான். பெண் அந்தத் திண்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். மோட்டார் சைக்கிள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் பின்னிருக்கை பிறந்துவிட்டது.

பெண் தனியாகக் குதிரையேறிய கதையும் பெரிய விடுதலைக் கதை அல்ல. 1382இல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டை மணக்க வந்த பொஹீமியாவின் ஆன், ஒருபக்கச் சேணத்தை அங்கே கொண்டுவந்ததாகச் சொல்வது மரபு. அது சேணம் என்பதைவிட நாற்காலி. கால் வைக்க ஒரு பலகை. உட்கார்ந்தவள் குதிரையின் விலாவைப் பார்த்திருப்பாள். முன்னால் பார்க்க உடலைத் திருக வேண்டும். கடிவாளம் வேறொருவர் கையில். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் காத்தரீன் தெ மெதிசி சேணத்தின் கொம்பில் வலது காலை மாட்டிக்கொண்டு முன்னோக்கி உட்காரும் முறையைக் கொண்டுவந்தார் என்பார்கள். அப்போதுதான் கடிவாளம் பெண்ணின் கைக்கு ஒழுங்காக வந்தது. 1830களில் இரண்டாவது கொம்பு ஒன்று சேர்ந்தது. இடது தொடையை அதன் கீழே அழுத்திக்கொள்ளலாம். இரண்டு கொம்புகளுக்கிடையே இரண்டு தொடைகளும் பூட்டிக்கொண்டதும் பெண்கள் வேலி தாண்டினார்கள், வேட்டைக்குப் போனார்கள். வலப்பக்கம் கால் இல்லாத குறையைத் தீர்க்க ஒரு பிரம்பை வைத்துக்கொண்டார்கள். ஆண் காலால் சொல்வதை அவள் பிரம்பால் சொன்னாள். விழுந்தால் பாவாடை கொம்பில் சிக்கிக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடியது. அதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவிழ்ந்துவிடும் பாதுகாப்புப் பாவாடைகள் வந்தன.

கவனியுங்கள், இத்தனை கருவிகளும் ஒரே ஒரு தடையைக் காப்பாற்றக் கண்டுபிடிக்கப்பட்டவை. பெண்ணின் கால்கள் அகலக்கூடாது. அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் கொம்பும் வேண்டாம், பிரம்பும் வேண்டாம், அவிழும் பாவாடையும் வேண்டாம்.

சைக்கிளுக்கும் இதே புத்திதான் போனது. 1817இல் கார்ல் ஃபான் திராய்ஸ் ஓட்டிக் காட்டிய, மிதிகட்டை இல்லாத இருசக்கர வண்டியை இங்கிலாந்தில் பொம்மைக்குதிரை என்றே அழைத்தார்கள். 1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் உயர்ந்த சக்கர சைக்கிளில் பெண்களுக்காக ஒன்றைச் செய்தார்கள்: இரண்டு மிதிகட்டைகளும் ஒரே பக்கம். குதிரைமேல் ஒருபக்கமாக உட்கார்வதைப் போலவே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அதைப் பற்றி வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பொறியாளர்கள், தொழில் தெரிந்தவர்கள், ஒரு பெண் உட்காரும் விதத்தை மாற்றுவதைவிட ஓர் எந்திரத்தின் சமநிலையைக் கெடுப்பது எளிது என்று நினைத்தார்கள் என்பதை யோசித்தால் சிரிப்பு கொஞ்சம் நிற்கும். பின்னால் குறுக்குக் கம்பியை வளைத்துத் தாழ்த்திய 'லேடீஸ் சைக்கிள்' வந்தது. கூடவே பின்சக்கரத்தில் பாவாடை சிக்காமலிருக்கக் கயிற்று வலை வந்தது. நம்மூர் சேலை கார்டுக்கு அதைப் பாட்டி என்று சொல்லலாம்.

மோட்டார் சைக்கிளின் முன்னோடி 1885இல் கான்ஸ்டாட்டில் பிறந்தது. கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த மரச்சட்ட வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரைட்வாகன்', அதாவது சவாரி வண்டி. குதிரைச் சவாரிக்கான சொல்லே அது. மேலே தோல் சேணம், அடியில் எரியும் குழாய். முதல் ஓட்டத்தில் டைம்லரின் மகன் உட்கார்ந்திருந்த சேணம் தீப்பிடித்ததாகச் சொல்வார்கள். சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தோல் இருக்கை செய்த பர்மிங்காம் புரூக்ஸ் நிறுவனம் குதிரைச் சாமான் செய்து வளர்ந்ததுதான். ஆண் இடப்பக்கமாக வண்டி ஏறுவதற்கும்கூட, இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கியதால் குதிரையை இடப்பக்கமிருந்தே ஏறினார்கள் என்ற வழக்கத்தைக் காரணமாகக் காட்டுவார்கள். வண்டியின் சைடு ஸ்டாண்ட் இன்றும் இடப்பக்கம்தான். வாள் போய்விட்டது; வாள்காரனின் வசதி மட்டும் இருக்கிறது.

இந்தியச் சாலையில் ஒருபக்கமாக உட்காரும் பெண் நேராக ஐரோப்பியச் சேணத்திலிருந்து இறங்கி வந்தவள் என்று நான் சொல்லவில்லை. நம் அரசிகள் அப்படிக் குதிரையேறியதில்லை. தக்காண ஓவியங்களில் வல்லூறு ஏந்தி வேட்டைக்குப் போகும் சாந்த் பீபி இருபக்கமும் கால் போட்டுத்தான் இருக்கிறார். ஜான்சி ராணிக்கு ஊர் ஊராக வைத்திருக்கும் சிலைகளிலும் அப்படியே. குதிரைமேல் வாளோடு நிற்கும் ராணியைக் கொண்டாடுகிற அதே ஊரில், அந்தச் சிலையைச் சுற்றி ஸ்கூட்டரில் போகும் பெண் ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்பதில் யாருக்கும் முரண் தெரிவதில்லை. இங்கே சேலையும், சைக்கிள் கேரியரும், அடக்கம் என்ற சொல்லும் சேர்ந்து அந்த இருப்பை உண்டாக்கின. ஐரோப்பாவின் பில்லியனும் நம் அடக்கமும் ஒரே சீட்டில் வந்து சந்தித்துக்கொண்டன. அவ்வளவு சுலபமாகச் சந்தித்துக்கொண்டதற்குக் காரணம் இரண்டுக்கும் பயம் ஒன்றே.

என்ன பயம்? உடற்கூறு பற்றிய பயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். கன்னிமை, கருப்பை என்றெல்லாம் அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதினார்கள். தமிழ் படித்தவளாக எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நம் அகமரபில் மடலேறுதல் என்று ஒன்று உண்டு. காதல் நிறைவேறாத தலைவன் பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, தலைவியின் படத்தைக் கையில் ஏந்தி, ஊர்த்தெருவில் அதன்மேல் ஏறி வருவான். கருக்கு உடலை அறுக்கும். அவன் ஏறுவது உண்மைக் குதிரைகூட அல்ல, ஒரு மட்டை. அதில் உடற்கூறுக்கு என்ன வேலை? ஆனாலும் பெண் மடலேறுவது நெறி அல்ல என்று தொல்காப்பியம் விலக்கிவைக்கிறது. குறளும் அதையே பெண்ணின் பெருமையாகப் பேசுகிறது: கடலளவு காமம் இருந்தும் ஏறாதிருப்பதே பெருமையாம். ஆக விலக்கப்பட்டது ஏறுதல் என்ற உடற்செயல் மட்டும் அல்ல. எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியும்படி நடுவீதியில் உயரத்தில் இருப்பது விலக்கப்பட்டது. திருமங்கையாழ்வார் இரண்டு திருமடல்களிலும் பெண்குரலெடுத்து நான் மடலூர்வேன் என்கிறார். பெண்கள் ஏறமாட்டார்கள் என்பது தென்னாட்டு வழக்கு, அது எனக்கு வேண்டாம் என்றே பெரிய திருமடலில் அந்தப் பெண் சொல்கிறாள். ஓர் ஆண், கடவுளை நோக்கி, பெண்ணாக நடித்துக் கேட்டபோது அந்த உரிமை பக்தியாகிவிட்டது. நாம் கேட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததே.

பயம் தெருவைப் பற்றியது என்பதற்கு என் மாணவிகளே சாட்சி. ஒருத்தி சொன்னாள்: "அண்ணன்கூட வந்தா ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் மேடம் வருவேன். எங்க ஊரு ஆர்ச்சு வந்ததும் வண்டிய நிறுத்தச் சொல்லி ஒருபக்கமா மாறிக்குவேன்." சுடிதார் அதே சுடிதார்தான். ஓட்டுகிறவனும் அதே அண்ணன். மாறியது பார்க்கிற கண்கள் மட்டும். இன்னொருத்தி உடனே, தங்கள் ஊரில் ஒரு பெண் பின்னால் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதை வைத்தே முன்னால் இருப்பவன் புருஷனா, வேறு யாராவதா என்று டீக்கடையில் முடிவு கட்டிவிடுவார்கள் என்றாள். வகுப்பே ஆமாம் என்றது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் மனைவி; இருபக்கமும் போட்டால் காதலி. தாலி தெரியாத தூரத்திலிருந்து படிக்க ஏற்ற அடையாளம்.

இதைச் சட்டமாக்கிய ஊரும் உண்டு. இந்தோனேசியாவில் ஆச்சே மாகாணத்தின் லோக்ஸ்யூமாவே நகரில் 2013இன் தொடக்கத்தில், மோட்டார் சைக்கிளின் பின்னால் பெண்கள் இருபக்கமும் கால் போட்டு உட்காரக்கூடாது என்று நகர நிர்வாகம் சுற்றறிக்கை விட்டது. உலகம் முழுக்கச் சிரித்தார்கள். நம் நாட்டுப் பத்திரிகைகளும் விநோதச் செய்தியாகப் போட்டன. சுற்றறிக்கை இல்லாமலே அது நடக்கிற இடத்தில் இருந்துகொண்டு சிரிப்பதற்குத் தனித் தெம்பு வேண்டும்.

நம் சட்டம் தடை செய்யவில்லை. இடம் செய்து கொடுத்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 123ஆம் விதி ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் மூன்றைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் இருப்பவர் பிடிக்க நிலையான கைப்பிடி, கால் வைக்கத் தாங்கி, உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு. விதியில் பெண் என்ற சொல் இல்லை, சேலை என்ற சொல்லும் இல்லை. ஆனால் எந்த வண்டியைப் போய்ப் பார்த்தாலும் அந்தக் காப்பு இடப்பக்கம்தான் இருக்கிறது. பல வண்டிகளில் அதோடு சேர்த்து இரண்டு பாதமும் வைக்க ஒரு கம்பியோ தட்டோ உண்டு. 1382இன் நாற்காலிச் சேணத்துக்குக் கீழே இருந்த அதே கால்பலகை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. என் சித்தி மொபெட்டின் பின்னாலிருந்து விழுந்தவர். முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது, தோள்பட்டை போனது. அதற்குப் பிறகு அவர் தலைக்குமேல் கை தூக்கித் துணி காயப்போட்டதில்லை. "முந்தானையச் சொருகிக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், சித்தி உட்பட. உட்கார்ந்த விதத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருசக்கர வண்டி வளைவில் சாயும். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் அதோடு சேர்ந்து சாய வேண்டும். இருபக்கமும் கால் போட்டவருக்கு அது தானாக வரும். ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்கு வண்டி இடம் வலமாகச் சாய்வது முன்னும் பின்னுமாகத் தள்ளுவதாக வந்து சேர்கிறது. பிரேக் போட்டால் அவள் உடல் பக்கவாட்டில் சரிகிறது. அணைத்துப் பிடிக்கத் தொடைக்கு நடுவே ஒன்றும் இல்லை. எடை முழுவதும் வண்டியின் நடுக்கோட்டைவிட்டு விலகியிருப்பதால் ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் சற்றே சாய்த்து ஈடுகட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். குதிரையில் ஒருபக்கமாக உட்கார்ந்த சீமாட்டிக்கு இரண்டு கொம்புகள் இருந்தன. ஐந்நூறு ஆண்டுகளாகப் பெண்கள் விழுந்து விழுந்து, அடிபட்டு, அந்தச் சேணத்தைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு வந்தபோது தடை வந்தது, கொம்பு வரவில்லை. அடக்கத்தை இறக்குமதி செய்தவர்கள் அதன் பாதுகாப்புச் சாதனத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள்.

ஓட்டுகிற பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1916இல் அடலின், அகஸ்டா வான் பியூரன் சகோதரிகள் 'இந்தியன்' மோட்டார் சைக்கிள்களில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார்கள். பெண்களும் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைச் செய்ய முடியும் என்று காட்டுவதே நோக்கம். வழியில் சிற்றூர்களில் அவர்களைக் கைது செய்தார்கள். குற்றம் வேகம் அல்ல, கால்சட்டை. வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்த பிறகும் ராணுவம் எடுக்கவில்லை.

இத்தாலியில் 1946இல் வந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. கால்களுக்கு நடுவே எதுவும் இல்லாமல், நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்காரும்படி செய்தார். பாவாடையோடும் ஓட்டலாம். பெண்களுக்கு அது பெரிய கொடைதான், மறுக்க மாட்டேன். நானும் இருபது வருடமாக அப்படிப்பட்ட வண்டியில்தான் கல்லூரிக்குப் போகிறேன். ஆனால் ஒரு பாகப்பிரிவினை நடந்திருப்பதைப் பார்க்காமலிருக்க முடியவில்லை. முழங்காலால் டாங்க்கை இறுக்கிப் பிடித்து ஏறும் குதிரை ஆணுக்கு. நாற்காலி பெண்ணுக்கு. 2018இல் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, 25,000 ரூபாய்வரை, அரசு மானியம் கொடுத்தது. கியர் இல்லாத வண்டிகளுக்குத்தான். எத்தனையோ பெண்களின் பேருந்துக் காத்திருப்பை அந்த மானியம் முடித்துவைத்தது. ஆனாலும் எந்த இருக்கை பெண்ணுக்குரியது என்பது விண்ணப்பத்திலேயே முடிவாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இந்தியக் குடும்பங்களின் நாற்காலி வண்டிக்கு பஜாஜ் வைத்த பெயர் 'சேத்தக்'. ஹல்திகாட்டிப் போரில் மகாராணா பிரதாப்பைச் சுமந்த குதிரையின் பெயர். அந்தப் போர்க்குதிரையின் பின்னால் மனைவி ஒருபக்கமாக, மடியில் குழந்தையோடு.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரிப் பெண்களும், விவசாயக் கூலிகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதியதில், இந்தக் கட்டுரைக்குத் தேவையான ஒரு செய்தி இருக்கிறது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். தட்டுப்பாட்டால் மட்டும் இல்லை. அதையே விரும்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டில்பார்வரை போகும் அந்தக் குறுக்குக் கம்பி. எந்தக் கம்பியைத் தாண்டிப் பெண்ணின் கால் போகக்கூடாது என்று ஐரோப்பா வளைத்துத் தாழ்த்தியதோ, அதே கம்பி. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டிக் கால் போட்டார்கள். கம்பியின்மேல் பிள்ளையை உட்கார வைத்தார்கள்.